2024: தறியடியில் கேட்டவை, இரவில் படித்தவை

மூன்று நாளாக மழை விடவில்லை. சாயம் போட்ட நூல் கொடியில் ஈரமாகவே தொங்குகிறது. நூல் காயாமல் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், போட முடியாது, பாவு இல்லாமல் தறியில் உட்கார்ந்து என்ன செய்வது? கட்டாரில் இருக்கும் தம்பி ஒவ்வொரு டிசம்பரிலும் கேட்பான்: "ராத்தா, இந்த வருஷம் என்ன கேட்டீங்க, என்ன படிச்சீங்க? நல்லதா நாலு சொல்லுங்க." வழக்கமாக வாட்ஸப்பில் நாலு வரி அனுப்பிவிடுவேன். இந்த வருஷம் நாலு வரிக்குள் அடங்காது. மழையும் இடம் கொடுத்திருக்கிறது, எழுதுகிறேன்.

கிழக்கிலங்கையின் நெசவூரான மருதமுனையில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நான், மற்றதில் மாமி. நாடா போய் வரும் சத்தமும் மிதியின் சத்தமும் சேர்ந்தால் பேசுகிறவரின் பேச்சில் பாதி காணாமல் போய்விடும். பாட்டு அப்படியில்லை. தெரிந்த பாட்டு என்றால் காதில் விழாத இடத்தை மனம் நிரப்பிக்கொள்ளும். ஆகவே தறியில் இருக்கும்போது பாட்டு. இராட்டினத்தில் நூல் சுற்றும்போது சத்தம் குறைவு, அப்போது பொட்காஸ்ட். புத்தகம் இஷாத் தொழுகைக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கின பின்னால். என் ஒரு நாள் இப்படித்தான் மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

இந்த வருஷம் நூல் சுற்றிய நேரமெல்லாம் 'கதை ஓசை'க்குத்தான் போனது. தீபிகா அருண் தமிழ்க் கதைகளை வாசித்துத் தரும் பொட்காஸ்ட் அது. நான் கேட்டது பொன்னியின் செல்வன். கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதிய கதை. புத்தகமாக மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் முதல் பாகத்திலேயே விட்டவள் நான். காதால் கேட்டபோது நிற்கவேயில்லை. வாரா வாரம் காத்திருந்து, ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்கிற மாதிரித்தானே அது எழுதப்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. இரண்டாம் பாகமான சுழற்காற்றில் வந்தியத்தேவன் பூங்குழலியின் படகில் ஏறி இலங்கைக்கு வருகிற இடத்தை மூன்று முறை கேட்டேன். பூங்குழலி துடுப்புப் போடுகிறாள், அவனுக்குக் கடலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயமும் தெரியும், அந்தப் பெண்ணின் அலட்சியமும் தெரியும்.

வாப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, தறியை விட்டு நாலு வருஷம். ஆனால் காது இன்னும் கூர்மை. ஒரு காலத்தில் இரவு 9.15 ஆனால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது, பிபிசி தமிழோசை. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. அடுத்த நாள் இரவும் வாப்பா அதே நேரத்துக்கு ரேடியோவைக் கையில் எடுத்து, பட்டனைத் தொட்டுவிட்டு, திரும்ப வைத்ததைப் பார்த்தேன். இப்போது இராட்டினத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து என் போனைக் கேட்கிறார். செய்திக்கு எஸ்பிஎஸ் தமிழ். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தாலும் நம்முடைய ஆட்களின் பேச்சு இருக்கிறது என்பது வாப்பாவின் கருத்து.

தம்பி அனுப்பிய ஆங்கில பொட்காஸ்ட் ஒன்றையும் சொல்லவேண்டும். பெயர் ட்வென்டி தௌசண்ட் ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்குக் கேட்கக்கூடிய உச்ச எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதிலிருந்துதான் அந்தப் பெயர். அன்றாடம் நாம் கேட்கிற ஒரு சத்தத்தை எடுத்து, அது எப்படி உண்டானது, யார் உண்டாக்கினார்கள் என்று அவிழ்த்துக் காட்டுகிறார்கள். என் ஆங்கிலத்துக்கு ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்கவேண்டியிருந்தது. அதைக் கேட்கத் தொடங்கிய பிறகு நான் சத்தங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். மாமியின் தறியும் என் தறியும் ஒரே சத்தம் போடுவதில்லை. மழைக்காலத்தில் மரம் ஊறினால் இரண்டும் கனத்துப்போகும்.

மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து வரும் ஒலியை மீன் பாடுவதாகச் சொல்வார்கள். அந்தப் பாடும் மீனுக்கு அந்தப் பொட்காஸ்ட்டில் ஒரு நிகழ்ச்சி செய்யமாட்டார்களா என்று ஆசையாக இருந்தது. எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, படகில் போய், அந்த ஒலியைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வருகிற மெல்லிய ஒலி மாதிரி என்கிறார். மீனவர்கள் அவரிடம் காட்டியது மீனை அல்ல, ஒரு சிப்பியை. சரி, நாமும் போய்க் கேட்டால் என்ன என்று ஜூலை மாதத்துப் பௌர்ணமி இரவில் கணவரின் ஆட்டோவில் மட்டக்களப்பில் இருக்கும் கல்லடிக்குப் போனோம். பாலத்திலிருந்து தள்ளிப் படகை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்தேன். முதலில் பாலத்து வாகனங்களின் அதிர்வு மட்டும்தான். பிறகு அதற்கு அடியில், இழுத்துக் கட்டிய நூலை யாரோ மெதுவாக வருடுகிற மாதிரி ஒன்று. கணவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

அந்த இரவுதான் என்னை 'யாழ் நூல்' என்ற இசை ஆராய்ச்சிப் புத்தகத்திடம் கொண்டுபோய் விட்டது. அதை எழுதிய சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது தாண்டினால் காரைதீவு. வாவியின் ஒலியை நீரர மகளிர், அதாவது நீரில் வாழும் தேவதைப் பெண்கள், பாடுகிற பாட்டாக நினைத்துக் கவிதை எழுதியவர் அவர். அவருடைய சமாதியும் கல்லடியில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் அயலில் இருக்கிறார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். உள்ளே போய்ப் பழுப்பேறிய அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து கையில் வைத்தார். "முழுசா வாசிக்க ஏலாது புள்ள. பயப்படாம திறந்து பாருங்க" என்றார்.

முழுதாக வாசிக்க என்னால் முடியவில்லைதான். ஆனால் வாசித்த பக்கங்கள் இந்த வருஷத்தின் பெரிய சந்தோஷம். விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்தின் வரிகளிலிருந்து கணக்குப் போட்டு மீட்டெடுக்கிறார். நரம்பின் நீளம், சுரத்தின் உயரம், அவற்றுக்கிடையே உள்ள விகிதம் என்று போகிறது. இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தறிச் சட்டத்தில் தங்கூசியை (நைலோன் நரம்பை) இழுத்துக் கட்டித் தட்டிப் பார்த்தேன். சரி பாதியில் விரலை அழுத்தித் தட்டினால் அதே சுரம் மேலே போய் ஒலிக்கிறது. மூன்றில் இரண்டு பங்கை அதிரவிட்டால் ஐந்தாவது சுரம், பழந்தமிழில் குரல் என்ற முதல் சுரத்துக்கு இளி. வாழ்நாள் முழுக்க நூலை இழுத்துக் கட்டி எண்ணிக்கொண்டிருக்கும் எனக்கு, அதற்குள் இப்படி ஒரு கணக்கு இருப்பது தெரியாமல் போயிற்றே! மாமி வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அவரும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

அந்த நூல் 1947 ஜூனில் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி விபுலாநந்தர் காலமானார். பல வருஷ உழைப்பு. அது கையில் புத்தகமாக இருந்ததைப் பார்க்க அவருக்குக் கிடைத்தது ஒன்றரை மாதம்.

இன்னும் இரண்டு புத்தகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலாவணனின் வேளாண்மை. எங்களுக்கு வடக்கே அடுத்த ஊர் பெரியநீலாவணை, அந்த ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர் அவர். 1975இல் இறந்து, 1982இல்தான் இந்தக் காவியம் அச்சில் வந்தது. வயல் வேலையும் வயல்காரர் வீடும் அப்படியே கண்முன் வருகிறது. வாய்விட்டுப் படித்தால்தான் அதன் ஓட்டம் பிடிபடும். மற்றது விமல் குழந்தைவேலின் கசகறணம். அக்கரைப்பற்றில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகி வாழ்ந்ததையும் அது முறிந்ததையும் எழுதுகிற நாவல். பேச்சு அப்படியே எங்கள் பக்கத்துப் பேச்சு. சில பக்கங்களில் மனம் கனத்து மூடி வைத்தேன், அடுத்த நாள் திரும்பத் திறந்தேன். இரண்டையும் தேடுகிறவர்கள் நூலகம் இணையத்தளத்தில் ஒரு முறை பார்க்கலாம். 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அங்கே சேர்த்து வைக்கிறார்கள். கடையில் கிடைக்காத எத்தனையோ எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அப்புறம் பாட்டு. வருஷம் தொடங்கும்போதே பவதாரிணி போனார். ஜனவரி 25, கொழும்பில். சிகிச்சைக்காக எங்கள் நாட்டுக்கு வந்த இடத்தில். வயது 47. பாரதி படத்தில் அவர் பாடிய "மயில் போல பொண்ணு ஒண்ணு" தேசிய விருது வாங்கிய பாட்டு. என் பள்ளிக்கூடக் காலத்துப் பாட்டும்கூட. அந்தக் குரலில் ஒரு குழந்தைத்தனம் இருக்கும், மூச்சு சேர்ந்தே வரும். அந்த வாரம் முழுக்க அதையே கேட்டு நெய்தேன். பச்சைக் கரை போட்ட ஒரு சாரன் அது. எந்த வாரத்தில் எதை நெய்தேன் என்பது பாட்டோடுதான் எனக்கு ஞாபகம் நிற்கிறது.

நோன்பு மாதம் வந்தால் நாகூர் ஹனிபா. இதை ஒவ்வொரு வருஷமும் பட்டியலில் சேர்க்கத் தேவையா என்று தம்பி கேட்பான். தேவைதான். சஹருக்கு எழும்பி அடுப்பு மூட்டும் நேரத்தில் "இறைவனிடம் கையேந்துங்கள்" ஒலித்தால் வீடு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. 2015இல் மறைந்தவரின் குரல், இன்றைக்கும் மூன்று வீடு தள்ளிக் கேட்கிற அளவுக்குத் திடமாக இருக்கிறது.

இந்த மாதம் 15ஆம் திகதி சாகிர் உசேனின் மரணச் செய்தி. பெப்ரவரியில்தான் அவருடைய சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' இசைத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்திருந்தது. தம்பி அனுப்பி, அப்போதே கேட்கத் தொடங்கியிருந்தேன். தபேலாவோடு செல்வகணேஷின் கஞ்சிரா பேசிக்கொள்கிற இடங்களில் தறியை நிறுத்திவிடுவேன். கஞ்சிராவைப் பார்த்தால் எங்கள் றபான் மேளத்தின் சின்னத் தங்கை மாதிரி இருக்கும். ஒற்றைத் தோலில் இத்தனை ஒலியா என்று ஆச்சரியமாக இருந்தது. செப்டெம்பரில் சொந்தத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் பொல்லடி வைத்திருந்தார்கள். கோல்கள் மோத மோத, அண்ணாவியார் பாட்டை எடுத்துக் கொடுக்க, அந்தச் சுற்று வேகமேறியபோது சக்தியின் அதே இடம் ஞாபகம் வந்தது. அடித்தவர்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டியிருக்கும். அதையும் கவனித்தேன், கவலையாக இருந்தது.

சரி, இனி இந்த வருஷத்தின் புத்தகம். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்'. கிழக்கிலங்கையின் நாட்டார் காதல் பாடல்கள். நாங்கள் இவற்றைக் கவி என்போம். மச்சானுக்கு மச்சி சொல்வது, மச்சிக்கு மச்சான் சொல்வது, வயலுக்குப் போனவன் வராதது, பரிசு கொடுத்துவிட்டது, கோபித்துக்கொண்டது. நாலு வரிதான், ஆனால் அந்த நாலு வரிக்குள் வட்டை என்கிற வயல்வெளியும் வரம்பும் வீட்டு முற்றமும் இருக்கும். எழுதத் தெரியாத பெண்கள் கட்டிய கவிகள். எங்கள் மூத்தம்மா (பாட்டி) அவர்களில் ஒருவர்.

மூத்தம்மாவுக்கு 84 வயது. 1986இல் சாச்சியின் கலியாணத்துக்கு முந்தின இரவு மூத்தம்மாவும் அவருடைய தோழிகளும் விடிய விடியக் கவி படித்திருக்கிறார்கள். வாப்பா அதைக் கசெட்டில் பதிந்தார். சின்ன வயதில் அந்தக் கசெட்டை நான் கேட்டிருக்கிறேன், சிரிப்புச் சத்தமும் குரவைச் சத்தமும்தான் இப்போது ஞாபகம். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. எங்கள் பழைய வீடு கரையோரம். தறி போனது, வாப்பாவின் கசெட் பெட்டி போனது. சாச்சியும் போனார். இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அப்போது சொன்னார்கள், உள்ளே தள்ளி வந்து குடியேறினோம். மூத்தம்மா அதன் பிறகு கவி படித்து நான் கேட்டதில்லை.

மே மாதம் ஒரு இரவு, அனாரின் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த மூத்தம்மா, "அது அப்படியில்ல" என்றார். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னார். அடுத்த கவிக்கு இரண்டாவது வரியே வேறு. நாலாவது கவிக்கு நான் முதல் வரியைச் சொன்னதும் மிச்சத்தை அவரே முடித்தார். போனை எடுத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"மௌத்தாகப் போற வயசுல மச்சான் கவி படிக்கச் சொல்றியா புள்ள? ஆக்கள் என்ன சொல்லும்?"

"ஆக்களுக்கு இல்ல மூத்தம்மா. எனக்கும் தம்பிக்கும்."

இரண்டு கிழமை கழித்துத்தான் சம்மதித்தார். பதிவு செய்ய நல்ல இடம் தேடினேன். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று அந்தச் சத்தப் பொட்காஸ்ட்டில் கேட்டிருந்தேன். எங்களிடம் துணிக்கு என்ன பஞ்சம்? மடித்த சாரன்கள் அடுக்கிய அறையில் மூத்தம்மாவை உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்தி, போனை நாலாக மடித்த துணியின் மேல் வைத்துப் பதிந்தேன். குரல் அவ்வளவு சுத்தமாக வந்தது. முதல் வரி முடிந்து மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும்.

ஓகஸ்டில் போனின் திரை உடைந்தது. திருத்தக் கொடுத்த கடையில் எல்லாவற்றையும் அழித்துத் தந்துவிட்டார்கள். பதினொரு கவி. வீட்டுக்கு வந்து அழுதேன். மூத்தம்மாதான், "அழாத புள்ள, வாய் இருக்குதானே" என்று திரும்பப் படித்தார். எட்டு வந்தது, மூன்று வரவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த மூன்றும் அவருக்கு நினைவில் எழவேயில்லை. அதிலிருந்து ஒவ்வொரு கவியும் மூன்று இடத்தில் இருக்கிறது: என் போனில், ஒரு மெமரி கார்டில், தம்பியிடம். உங்கள் வீட்டிலும் இப்படிப் பதிந்து வைத்திருந்தால் இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். நாளைக்கென்று விடாதீர்கள்.

நேற்று முன்தினம் 26ஆம் திகதி. இருபது வருஷம். காலையில் பள்ளிவாசலில் துஆ. வாப்பா போய்விட்டு வந்து ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் மழைக்குள் மூத்தம்மா என்னைக் கூப்பிட்டு, போனைக் கொண்டுவரச் சொன்னார். சாரன் அறைக்கு அவராகவே நடந்து போனார். சாச்சியின் கலியாண இரவில் படித்த கவி என்று மட்டும் சொல்லிவிட்டுப் படித்தார். தகரக் கூரையில் மழைச் சத்தம் பலம், நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழையோடேயே பதிந்திருக்கிறது. 32ஆவது கவி.

இரவே தம்பிக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலையில்தான் பதில் வந்தது. குரல் கரகரத்திருந்தது. "ராத்தா, மூணாவது வரியில ஒரு சொல் வெளங்கல்ல. மழை சத்தமா, இல்ல எனக்குத் தெரியாத சொல்லா?" என்று கேட்டிருந்தான்.

மூத்தம்மாவிடம் கேட்டேன். அது ஒரு வட்டையின் பெயர். கலியாணமாகி வந்த புதிதில் அவர் கதிர் பொறுக்கப் போன இடம். இப்போது யாரும் அந்த இடத்தை அப்படிக் கூப்பிடுவதில்லையாம், எங்கே இருந்தது என்று வாப்பாவுக்கும் தெரியவில்லை. கவி கொப்பியில் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். மழை விட்டதும் வாப்பா வயல்காரர் யாரிடமாவது விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.